கேட்டவளுக்குப் பதில் சொல்லுங்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 51. ராணுவ நர்சிங் சர்வீஸில் இருந்தேன். 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகர் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்ட். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஜூலை 26ம், கார்கில் வெற்றி நாளில், முன்னாள் ராணுவத்தினருக்குச் சால்வை போடுகிறார்கள். என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. "நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க" என்கிறாள் நாத்தனார். "விடு, உனக்கெதுக்கு அதெல்லாம்" என்கிறார் கணவர்.

போர் நடந்த திராஸ் பக்கமிருந்து ஹெலிகாப்டரில் பையன்கள் வந்து இறங்குவார்கள். ஷூவைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றுவோம். பனிக்கடியில் விரல்கள் கறுத்திருக்கும். உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. இதெல்லாம் யார் கேட்டார்கள்? பிளஸ் டூ முடித்த மகள் ராணுவ நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "அங்கே எப்படிம்மா இருக்கும்?" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அது வேறு விஷயம். சால்வைக்கு நான் ஏங்கவில்லை. ஆனாலும் ஒருமுறையாவது கூப்பிடக்கூடாதா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

சால்வை விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். அந்தப் போரில் உயிர் கொடுத்த 527 பேரை மேடையில் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். காயம்பட்ட 1,300க்கும் மேற்பட்டவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சே எழாது. உங்கள் தோளிலும் அதிகாரிக்கான நட்சத்திரம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ராணுவம் தொடங்கியது 1992ல்தான். ராணுவச் செவிலியர் சேவையோ 1888ல் தொடங்கியது.

ஆனால் "யார் கேட்டார்கள்" என்று எழுதிய கையோடு, கேட்டவளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குத்தான் நீங்கள் பதில் சொல்லவில்லை. அது வேறு விஷயம் இல்லை சகோதரி, இந்தக் கடிதமே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அந்த வார்டில் அவள் நிற்பதை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஊர் கூப்பிடாததில் உங்களுக்கு ஒரு வசதியும் இருந்திருக்கிறது. எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் வீட்டாரைக் குறை சொன்னதில் பாதியாவது அநியாயம்தான்.

அவளை உட்கார வைத்து ஒரே ஒரு இரவைப் பற்றிச் சொல்லுங்கள். கத்தரியைப் பற்றி எனக்கு எழுத முடிந்ததே, அவளிடம் சொல்ல முடியாதா? உங்கள் கையைப் பிடித்து மறுபடி நடக்கப் பழகியவர்களையும் விட்டுவிடாதீர்கள். போக வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லுங்கள். அப்புறம் அவள் முடிவு. பேசிய பிறகு தூக்கம் கெட்டால், பழைய காட்சிகள் விடாமல் வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்தும் அப்படி வருவதுண்டு. விழாக் குழுவுக்கு எழுதுவதென்றால் தாராளமாக எழுதுங்கள். மகளிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.