டல்லாஸ் வரை கால் தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 63. ஊர் முக்கூடல். முப்பது வருஷம் பீடி சுற்றினேன், முழங்கால் வலி உண்டு. பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கார்த்திகையில் மகளுக்கு டல்லாஸில் பிரசவம். திருவனந்தபுரத்தில் ஏறி, தோஹாவில் மாறி, டல்லாஸில் இறங்க வேண்டும். கடைசி விமானம் மட்டும் 16 மணி நேரமாம். நான் விமானமே ஏறியதில்லை. அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். டிக்கெட் போடும் ஏஜென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் இறுக்கமான சாக்ஸும் தானே வாங்கித் தருகிறேன் என்கிறார். டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்கிறார். நான் போகலாமா?

பதில்: போகலாம், அம்மா. தாராளமாகப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாம். ஆனால் அந்த மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள். சாக்ஸையும் நான் சொல்லும் வரை வாங்க வேண்டாம்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். நம் காலுக்கு வரும் ரத்தம் மேலே திரும்பிப் போக, கெண்டைக்கால் தசை அடிபம்பு மாதிரி வேலை செய்கிறது. நடக்கும்போது அடிக்கிறோம், தண்ணீர் ஏறுகிறது. காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்தால் பம்பு நின்றுவிடும். ரத்தம் கீழேயே தேங்கும். தேங்கிய ரத்தம் சிலருக்கு உறைந்து கட்டியாகும். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. இவ்வளவும் உண்மைதான். எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று உங்கள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது. வயது கூடினாலும் உடல் எடை கூடினாலும் இது சற்று ஏறும். ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்தவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களும், புதிதாக அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் தங்கள் டாக்டரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அசையாமல் உட்கார்ந்து போகும் கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே உங்கள் பயணம் திருவனந்தபுரத்தில் தொடங்கவில்லை, முக்கூடலில் கார் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. நாகர்கோவில் வழியாக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியனுப்ப வரும் ஏழு பேரோடு ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து, வழியில் எங்கும் இறங்காமல் போய்ச் சேருகிறவர்கள்தான் நம்மூரில் அதிகம். வள்ளியூரில் ஒரு தடவை, மார்த்தாண்டத்தில் ஒரு தடவை இறங்கிப் பத்து நிமிஷம் நடங்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025-ல் புது முனையமே திறந்தாயிற்று. ஆனாலும் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வெளிநாடு போக மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்!

இப்போது மாத்திரை. ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் ஆஸ்பிரினாக இருக்கும். விமானப் பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் போட வேண்டியதில்லை. கால் சிரையில் வரும் கட்டிக்கு அதை நம்ப முடியாது. வயிற்றில் புண் இருந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது, அது வேறு விஷயம். டிக்கெட் போடுகிறவர் மாத்திரை எழுதுவதும், சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் அதைக் கொடுப்பதும் எந்த ஊர் நியாயம்? இதைத் தடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

தூக்க மாத்திரையும் அப்படித்தான். "ஒண்ணு போட்டா டல்லாஸ்லதான் முழிப்பீங்க" என்று யாராவது சொல்வார்கள். அலர்ஜிக்குப் போடும் மாத்திரையைத் தூக்கத்துக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு அது மனக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டு வரும். அதைவிட, மருந்து மயக்கத்தில் ஆறு மணி நேரம் கால் மடங்கிக் கட்டையாகக் கிடப்பதுதான் நீங்கள் பயப்படும் கட்டிக்கு நேர்வழி. தானாக வரும் தூக்கம் நல்லது, அதில் நாம் புரண்டாவது படுப்போம்.

சாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே வரை உள்ள அழுத்தக் காலுறை, காலை ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும். ரத்தம் தேங்குவதும் வீக்கமும் குறையும். அது நல்ல பொருள்தான், நானே பலருக்கு எழுதித் தருகிறேன். ஆனால் உங்களுக்குப் பத்து வருஷச் சர்க்கரை. நாள்பட்ட சர்க்கரையில் சிலருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டு வரும் குழாயே சுருங்கிவிடுகிறது. கீழே வரும் ரத்தமே குறைவாக இருக்கும் காலில் இறுக்கமான சாக்ஸை மாட்டினால், வருகிற கொஞ்சத்தையும் நெரிப்பதாகிவிடும். சர்க்கரையில் காலின் உணர்ச்சியும் மரத்திருக்கலாம். சாக்ஸ் சுருண்டு ஒரு வளையமாக அறுத்தால்கூடத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கண்டக்டர், மகன் அனுப்பிய சாக்ஸைப் போட்டுக்கொண்டு போனார். குதிகாலில் மடிப்பு விழுந்து புண்ணானது, இறங்கிக் குளிக்கும்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ஆற மூன்று மாதம் ஆயிற்று.

ஒரு தெரு தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா, நின்றால் விட்டுவிடுகிறதா? பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறதா? காலில் முடி உதிர்ந்து தோல் மினுங்குகிறதா? சின்னக் கீறல்கூட ஆற நாளாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஒன்றுமே இல்லை என்றாலும் ஒரு டாக்டரிடம் போய், பாதத்தின் மேலேயும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. சந்தேகம் இருந்தால் கணுக்காலில் பிரஷர் பட்டை சுற்றிப் பார்ப்பார். நாடி நன்றாக இருந்தால்தான் சாக்ஸ். அதையும் செருப்பு சைஸ் சொல்லி வாங்கக் கூடாது. காலை எழுந்ததும், கால் வீங்கும் முன், கணுக்கால் சுற்றளவையும் கெண்டைக்கால் சுற்றளவையும் டேப்பால் அளந்து வாங்க வேண்டும். டிக்கெட் மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாருக்கும் ஒரே சைஸைக் கட்டுகிறார்கள்.

நாடி சரியில்லை என்று தெரிந்தால் பயணத்தையே விட்டுவிட வேண்டுமா என்று கேட்காதீர்கள். சாக்ஸை மட்டும் விட்டால் போதும். நடப்பதும் காலை அசைப்பதும் எல்லாருக்கும் பொது. பீடி சுற்றும்போது மடியில் சுளகை வைத்துக்கொண்டே காலை நீட்டி மடக்கியிருப்பீர்களே, அதே பழக்கம்தான். மணிக்கு ஒரு தடவை குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இருபது தடவை போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரை நடந்து வாருங்கள்.

நடக்க வேண்டுமென்றால் நடைபாதை ஓர சீட் வேண்டும். இதை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். பெரிய விமானங்கள் பலவற்றில் வரிசைக்கு மூன்று, நான்கு, மூன்று என்று சீட் இருக்கும். நடுவில் உள்ள நான்கில் ஓர சீட் கிடைத்தால், உங்களைத் தாண்டிப் போக வேண்டியவர் ஒருவர்தான், மற்றவர் அந்தப் பக்கம் போய்விடுவார். அவசர வழி ஓரத்தில் கால் நீட்ட இடம் உண்டு என்று அதிகப் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறவர்களை நம்பாதீர்கள். அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். முழங்கால் வலிக்காரரைக் கடைசி நிமிஷத்தில் எழுப்பி வேறெங்காவது மாற்றுவார்கள்.

கால் வைக்கிற இடத்தில் பை வைக்காதீர்கள். அல்வா, கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கையில் மருந்து, ஒரு போர்வை, மாற்றுத் துணி, காலிப் பாட்டில் போதும். மருந்தைப் பெட்டியில் போடவே கூடாது, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டிக்கெட்டில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. மலிவு என்று சொல்லி, தோஹா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு டிக்கெட் என்று பிரித்துப் போடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும், பொறுப்பேற்க ஆள் இருக்காது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் டல்லாஸ் வரை இருக்கிறதா என்று மகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கி ஏற ஒன்றே கால் மணி நேரம் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். வீல்சேருக்குத் தனிப் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 48 மணி நேரம் முன்னதாக விமான நிறுவனத்திடம் சொன்னால் இலவசமாகவே தருவார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதியிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார்கள், கேட்கவே மனது கஷ்டமாக இருந்தது. மொழி தெரியாத, முழங்கால் வலி உள்ள உங்களுக்கு வீல்சேர் அவசியம். ஆனால் மாறும் இடத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் யாரும் வராமல் இருப்பதும் நடக்கிறது. அந்த நேரத்திலும் எழுந்து பக்கத்திலேயே நடந்துகொண்டிருங்கள். தோஹா விமான நிலையத்துக்குள் ஒரு சோலையே வைத்திருக்கிறார்கள்.

சர்டிபிகேட் உங்களுக்குத் தேவையில்லை. அண்மையில் அறுவை சிகிச்சையோ மாரடைப்போ வந்தவர்கள், விமானத்தில் ஆக்சிஜன் வேண்டியவர்கள், மாதம் முற்றிய கர்ப்பிணிகள் போன்றோரிடம்தான் கேட்பார்கள். மாதம் நாலைந்து பேர் இதற்கென்றே வந்து நிற்கிறார்கள். எல்லாரையும் அனுப்பியது ஏதோ ஒரு டிக்கெட் மேசைதான்.

சாப்பாடு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் வயிற்றுக் காற்று விரியும். புறப்படும் நாளில் சொந்தக்காரர்கள் சொதியும் உருளைக்கிழங்குக் காரக்கறியுமாக விருந்து வைப்பார்கள். அதை முந்தின நாள் வைக்கச் சொல்லுங்கள், இஞ்சித் துவையலோடு. ஏறுகிற அன்று இட்லி போதும். சர்க்கரைக்காரருக்கான சாப்பாடு வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே பதிந்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையைத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் போட வேண்டும், மணியைப் பார்த்து முன்னாலேயே போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் மயக்கம் வரலாம். டல்லாஸில் நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதனால் உங்களுக்கு அந்த ஒரு நாள் நீளும். எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று டிக்கெட்டைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு, கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும். தொண்டை, கண், தோல் எல்லாம் காயும். கழிவறைக் கதவின் நடுவில் அழுத்தினால் உள்பக்கமாக மடங்கித் திறக்கும். தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும். தண்ணீர் இழுக்கும் சத்தம் இரைச்சலாக இருக்கும், பயப்படாதீர்கள். கழுவிக்கொள்ளக் குவளை இருக்காது. அதற்குத்தான் காலிப் பாட்டில், கை கழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு உள்ளே போகக் கூடாது, சர்க்கரைக் காலுக்கு ஆகாது. பட்டை தளர்த்தக்கூடிய செருப்பாகப் போடுங்கள். சேலைதான் கட்டுவேன் என்றால் பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், இடுப்பிலும் ரத்த ஓட்டம் தடைபடக் கூடாது. இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டே இருங்கள், சர்க்கரை இல்லாத மிட்டாயாகப் பார்த்து வாங்குங்கள்.

டல்லாஸில் இறங்கும்போது இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கியிருக்கும். அது சாதாரணம், காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் ஓரிரு நாளில் வற்றிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க வேண்டும். இறங்கிய அன்றுதான் வரும் என்றில்லை, இரண்டு வாரம் கழித்தும் வரலாம். பிள்ளை பிறந்த வீட்டில், மகள் பச்சை உடம்புக்காரியாக இருக்கும்போது, நம் கால் வலியை எப்படிச் சொல்வது என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். ஆகவே இந்தப் பதிலை இப்போதே மகளுக்கும் மருமகனுக்கும் அனுப்பி வையுங்கள்.