கருத்த கொலுசு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடித்திருக்கிறேன். ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கடலிலும் ஏரியிலும் சதுப்பிலும் நுண்ணுயிர்கள் கார்பனையும் நைட்ரஜனையும் கந்தகத்தையும் எப்படிச் சுழலவிடுகின்றன என்று படிக்கும் பயோஜியோகெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் பி.எட். படி என்கிறார்கள். "சகதி அள்ளவா இவ்வளவு படிச்சே?" என்று அப்பா கேட்டுவிட்டார். வெளிநாடு போனால்தான் இதில் ஏதாவது செய்ய முடியுமா? நம் பக்கம் வறண்ட காடும் நாறுகிற சேறும்தானே, ஆராய என்ன இருக்கிறது? இன்னொரு சந்தேகம்: 2019-ல் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்ததே, அது ஆலைக் கழிவுதானே? என் பெயரைப் போடவேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஊரை எடுக்கவில்லை. ஊரை வைத்துத்தான் உன்னைத் திட்டப்போகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஆலைக் கழிவு இல்லை, பூங்கோரை. நோக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் உயிரி. நம் கடலில் பெருகுவது தன் உடம்புக்குள்ளேயே பச்சைப்பாசியைக் குடிவைத்திருக்கும் வகை, அதனால்தான் அந்த நிறம். கூட்டமாகப் பெருகிக் கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் காலியாகிவிடும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். 2008-லும் வந்தது. எதற்கெடுத்தாலும் ஆலையைக் கைகாட்டாதே. ஆலை நிஜமாகவே அக்கிரமம் செய்கிற அன்றைக்கு நாம் சொல்வதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

வெளிநாடு? போகிறவர்கள் போகட்டும். கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தில் இருந்த எஸ்.டபிள்யூ.ஏ. நக்வியும் அவர் குழுவும் நம் மேற்குக் கரையோரக் கடலில், ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரிலிருந்து பூமியைச் சூடாக்குகிற நைட்ரஸ் ஆக்சைடு வாயு ஏராளமாக வெளியேறுவதை 2000-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்தக் கடல் இங்கேதான் இருக்கிறது. இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

'நாறுகிற சேறு' என்று எழுதினாய் பார், அதுதான் என்னை உட்காரவைத்தது. கொஞ்ச நாளாகவே எனக்குச் சேற்று நினைப்புதான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஊரே பெருமையடிக்கிற இடத்தில் பிறந்துவிட்டு, ஆராய என்ன இருக்கிறது என்று கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

என் சின்ன அத்தையைக் காரங்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். உப்பங்கழியில் தண்ணீர் வற்றியதும் அத்தை சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு நண்டு பிடிக்க இறங்குவாள். முழங்கால் வரைக்கும் புதையும். காலை உருவும்போது 'பொளக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே அழுகின முட்டை வாடை. மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று இருக்கும். கல்யாணத்துக்குப் போட்ட புதுக்கொலுசு அந்தச் சேற்றில் நின்று நின்று கருத்துப்போனது. "வெள்ளின்னு சொல்லி ஈயத்தைக் கொடுத்து ஏமாத்திட்டான் உங்கண்ணன்" என்று மாமியார் தெருவில் நின்று பேசினாள். அப்பா வீம்பாகக் கொலுசை வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு பத்தரிடம் காட்டப் போனார். பத்தர் ஓரத்தை உரசிப் பார்த்துவிட்டு, "வெள்ளி சுத்தம். புள்ள எந்தச் சேத்துல நின்னுச்சு?" என்று கேட்டாராம்.

அந்த ஒரு கேள்வியில் உன் பாடப்புத்தகத்தில் பாதி இருக்கிறது. கழிக்கரை அலையாத்தி மரத்தின் இலை உதிர்கிறது, வேர் சாகிறது, எல்லாம் சேற்றில் புதைகிறது. மேலே சில மில்லிமீட்டருக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கீழே இருக்கிற உயிர்கள் வேறு எதையாவது வைத்து மூச்சுவிட்டாக வேண்டும். நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்ஃபேட் என்று வரிசையாகப் பந்தி நடக்கும். அதிக ஆற்றல் தருவதைப் பிடித்தவர்களுக்கு முதல் பந்தி, மீத்தேன் உண்டாக்குகிற ஆர்க்கியா என்கிற நுண்ணுயிர்களுக்குக் கடைசிப் பந்தி. (இவை பாக்டீரியாவே அல்ல, தனிக் குலம் என்று 1977-ல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ் சொன்னபோது பலர் காதில் வாங்கவில்லை.) கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆகவே கழிச்சேற்றில் சல்ஃபேட் பந்தி லேசில் முடியாது, கடைசிப் பந்திக்காரர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சல்ஃபேட்டைச் சுவாசித்தால் வெளியே வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வாடை அதனுடையது. இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும், வெள்ளியோடு சேர்ந்தால் கொலுசு கறுக்கும்.

இப்போது உன் கண்மாய்க்கு வா. நன்னீர் நிற்கிற வரைக்கும் சல்ஃபேட் சொற்பம், பந்தி சீக்கிரமே மீத்தேன்காரர்களிடம் வந்துவிடும். கம்பால் சேற்றைக் குத்தினால் குமிழ் கிளம்புமே, அது இவர்கள் வேலை. 1776-ல் விஞ்ஞானி வோல்டா இத்தாலியின் மஜோரே ஏரியில் இப்படிக் கிளறித்தான் அந்த வாயுவைப் பிடித்தார். மீத்தேனுக்கு வாடையே கிடையாது. நாறாத சேறு பூமியைச் சூடாக்குகிற வாயுவை விடுகிறது, நீ முகம் சுளிக்கிற சேறு அதைப் பெரும்பாலும் விடாமல் கார்பனைப் புதைத்துவைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து நன்னீர் கழிக்குள் இறங்குகிற நாட்களில் என்ன நடக்கிறது? கரையோரக் கண்மாயில் உப்பு ஏறினால்? கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்து, சீமைக்கருவேலமும் ஏறிய பிறகு? இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டியவன் நீ.

உன் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லாருக்கும் நீலக் கார்பன் பைத்தியம், அதாவது கடலோரக் காடும் சேறும் பிடித்துவைக்கிற கார்பன். ஓர் அமைப்பு கூப்பிட்டதென்று அலையாத்திக் கன்று நடுகிற விழாவுக்குப் போயிருந்தேன். தொப்பி, பனியன், பதாகை. நட்ட இடம் உள்ளான் குருவிகள் மேய்கிற வெறும் சேற்றுத் திட்டு. ஏன் இங்கே என்றேன். "இங்கதான் மேடம் வண்டி வரும்" என்றார் ஒருவர். அடுத்த வருஷம் முட்டுக்கொடுத்த கம்புகள் மட்டும் நின்றன. அலையாத்திக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. சேற்றை வெட்டிப் புரட்டினால் அது கார்பன் டைஆக்சைடாகக் கிளம்பும். புதைந்து கிடந்த இரும்பு சல்ஃபைடு காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும். அப்படிப்பட்ட மண்ணில் இறால் குளம் வெட்டினவர்களைக் கேள், சுண்ணாம்பு கொட்டி மாளாது என்பார்கள். கன்றை எண்ணி அறிக்கை எழுத ஆயிரம் பேர். ஒரு முழம் குழாயைச் சேற்றில் இறக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. கன்று நட்டால் படம் நன்றாக வருகிறது, சேற்றைத் தோண்டினால் வருவதில்லை. எனக்கு இதில் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

கருவிக்கு எங்கே போவது என்று அடுத்து எழுதுவாய். கண்ணாடி ஜாடியில் கழிச்சேறு, கிழித்த செய்தித்தாள், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, மேலே கழித்தண்ணீர். மூடியை இறுக்காமல் வெளிச்சம் படுகிற ஜன்னலில் வை. சில வாரங்களில் கறுப்பு, பச்சை, ஊதா என்று அடுக்கு பிரியும். 1880-களில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி தொடங்கிவைத்த வித்தை இது. பக்கத்தில் கண்மாய்ச் சேற்றில் இன்னொரு ஜாடி வை. இரண்டையும் படம் எடுத்து அனுப்பு.

பி.எட். விஷயத்தில் அப்பாவோடு மல்லுக்கு நிற்காதே. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளும் இருக்கிறது, பெருங்கடல் அறிவியல் சேர்ந்த தாளும் இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். இப்போதைக்கு அந்தத் தொகையை மட்டும் அவரிடம் சொல், சல்ஃபேட்டெல்லாம் அப்புறம்.