வாசகர் கேள்வி-பதில்: கோபுரத்தில் ஆள் இல்லாமல் விமானம் இறங்குமா?

கேள்வி: ஐயா, நான் உயர்தரம் படிக்கிறேன். விமானக் கட்டுப்பாட்டாளராக வரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. வெளிநாடுகளில் கோபுரத்தில் ஆளே இல்லாமல் விமானம் இறக்குகிறார்களாம், இனி அந்த வேலை இருக்காது என்று அண்ணா சொல்கிறார். உண்மையா?
- மாணவி, உவர்மலை

பதில்: பாதிதான் உண்மை, மகள். கோபுரத்தில் ஆள் இல்லை என்பது சரி, ஆளே இல்லை என்பது பிழை. சுவீடனில் ஏர்ன்ஷெல்ட்ஸ்விக் என்று ஒரு சின்ன விமான நிலையம். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சுண்ட்ஸ்வாலில் உட்கார்ந்துகொண்டு 2015 ஏப்ரலில் அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள், உலகத்தில் அதுதான் முதல். ஓடுபாதைப் பக்கம் ஒரு கம்பம், அதில் சுற்றிவரக் கமராக்கள். அந்தப் படங்களை ஒட்டி ஒரே காட்சியாக்கிப் பெரிய திரைகளில் விரித்துவிடுகிறார்கள், கண்ட்ரோலர் அதைப் பார்த்தபடி விமானியோடு வழமைபோல ரேடியோவில் பேசுகிறார். "இறங்கலாம்" என்று சொல்வது மனிதர்தான். 2021இல் லண்டன் சிற்றி விமான நிலையமும் இதற்கு மாறியது, அங்கே 50 மீட்டர் கம்பத்தில் 14 கமரா, கிட்டப் பிடித்துப் பார்க்க இன்னும் இரண்டு.

யோசித்துப் பாருங்கள், உயரத்தில் பறக்கும் விமானத்தை ராடாரில் கவனிக்கிறவர் அதைக் கண்ணால் காண்பதே இல்லை. கோபுரத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் ஜன்னல் தேவைப்பட்டது. நாளுக்கு நாலைந்து விமானம் வரும் இடத்திலும் முறை வைத்து ஆட்களை உட்கார்த்தவேண்டும், அந்தச் செலவுதான் சின்ன நிலையங்களை இந்தப் பக்கம் தள்ளுகிறது. நீங்கள் படிப்பை விடாதீர்கள், ஆங்கிலத்தை இப்போதே நன்றாகப் பிடியுங்கள், சர்வதேச விதிப்படி அதில் உள்ள ஆறு நிலைகளில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும்.

கேள்வி: கரண்ட் போனால்? 2025 பெப்ரவரி 9, ஒரு குரங்கால் முழு நாடும் இருண்டதே. மாரி மழைக்குக் கமரா தாங்குமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: கேட்கவேண்டிய கேள்வி இதுதான். மின்சாரத்துக்கு இரண்டு பக்கமும் பற்றரி, ஜெனரேட்டர் வைப்பார்கள், அது பெரிய விஷயம் இல்லை. கமரா கண்ணாடி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அடைமழையில் கோபுரத்தில் இருப்பவருக்கும்தான் கண் தெரியாது. என் கவலை கேபிளில். லண்டனில் படத்தைக் கொண்டுபோக மூன்று தனித்தனி இணைப்பு. இங்கே இரண்டு போட்டோம் என்று சொல்லி இரண்டையும் ஒரே பாலத்தால் கொண்டுவந்தால் அது ஒரு கேபிள்தான். 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் திருகோணமலைக் கரையில்தான் ஏறியது, அப்படி ஒரு காற்றுக்கு எது அறும் என்று முதலே பார்த்துவைக்கவேண்டும். படம் நின்றால் இறங்க அனுமதி கொடுக்கமாட்டார்கள், விமானம் வானத்தில் காத்திருக்கும், இல்லாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போகும். அதற்கான எரிபொருளைக் கணக்குப் பார்த்துத்தான் புறப்படுவார்கள்.

கேள்வி: ஒருவரே மூன்று நான்கு நிலையங்களைப் பார்க்கலாமாமே? நம் திருகோணமலைச் சீனக்குடா நிலையத்துக்கும் வருமா?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: நோர்வேயில் பூடோ நகரத்து மையம் ஒன்றில் இருந்து பல சின்ன நிலையங்களைக் கவனிக்கிறார்கள், 2019 ஒக்டோபரில் ரொஸ்ட் தீவோடு தொடங்கியது. ஒருவர் காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்றால் எனக்குச் சம்மதம். ஒரே நேரத்தில் இரண்டு என்றால் சம்மதம் இல்லை: இங்கே ஒருவர் இறங்கக் கேட்கும்போது அங்கே ஓடுபாதையில் மாடு ஏறினால் அவர் எந்தத் திரையைப் பார்ப்பார்? சீனக்குடா விமானப்படைத் தளம், கோபுரத்தில் அவர்களின் ஆட்கள் எப்படியும் இருக்கத்தான் போகிறார்கள், ஆகவே செலவு மிச்சம் என்ற கணக்கு அங்கே பொருந்தாது.