எஃப்1 அழுத்தினால்தான் கணினி திறக்கிறது: மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மேஜைக் கணினி வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' என்று வந்து, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் திறந்துவிடுகிறது. ஆனால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. வங்கி இணையதளம் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது, 7,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன பட்டன் பேட்டரியைத்தான் காட்டுகின்றன. கரண்ட் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரம் ஓடுவதும், அடிப்படை அமைப்புகள் மறக்காமல் இருப்பதும் அதனால்தான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னால் போகும். தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது போலத் தெரியும். தளத்தில் கோளாறு எதுவும் இல்லை.

இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பகலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது இந்தச் செய்தி வராமல், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாமல் இருந்தால் மட்டும் வருகிறது என்றால், சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான்.

பெரும்பாலான மேஜைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. வாட்ச் கடையிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உதிரியாக டப்பாவில் கிடப்பதை வாங்காதீர்கள்; சீல் பிரிக்காத அட்டையில், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் திறப்பதற்கு முன் கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஹார்ட் டிஸ்க்கோடு கணினி பேசும் முறையைக் குறிக்கும் 'சாட்டா மோட்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றியதும் அது மாறிப்போனால் விண்டோஸ் திறக்காது. ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது என்று பயந்து இன்னொரு செலவில் இறங்குவார்கள். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி விடுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, பழைய பேட்டரியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து அதேபோல் புதியதைப் போடுங்கள். பயாஸில் தேதியைச் சரிசெய்து, எடுத்த படத்தோடு ஒப்பிட்டுச் சேமித்தால் முடிந்தது.

புது பேட்டரி போட்டும் அதே செய்தி வந்தால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் 7,500 கொடுக்கத் தயங்குவேன். ஏழு வருடப் பழைய பிராசஸருக்குப் பொருந்தும் புது போர்டு கிடைப்பது சிரமம். பழசைச் சரிசெய்ததைத்தான் மாட்டுவார்கள். புதியதா பழையதா, வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

எஃப்1 கேட்கும் எல்லாச் செய்தியும் ஒன்றல்ல. 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' என்று வந்தால் ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். பழக்கத்தில் எஃப்1 தட்டிவிட்டுப் போகாமல், அன்றைக்கே போட்டோ, ஆவணங்களை வேறு இடத்தில் நகலெடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பழைய பேட்டரியை மேஜை மேல் விட்டுவிடாதீர்கள். தீர்ந்துபோன பேட்டரிக்கும் உணவுக்குழாயை அரிக்கும் சக்தி இருக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, தானாக வெளியே வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.