ரேஸ் சூட்: லேபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பழைய ரேஸ் சூட் (கார் பந்தய ஓட்டுநர் அணியும் தீத்தடுப்பு உடை) ஒன்று மலிவாக வருகிறது. 'எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/5' என்று பட்டை இருக்கிறது. 5 என்றால் ஐந்து அடுக்கா? எஃப்.ஐ.ஏ. (சர்வதேச கார் பந்தயக் கூட்டமைப்பு) போட்டிக்குச் செல்லுமா? (கோவை வாசகர்)

செல்லாது. எஸ்.எஃப்.ஐ. என்பது பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு, எஃப்.ஐ.ஏ. போட்டிகளில் அதன் பட்டையை ஏற்பதில்லை. 5 என்பது அடுக்கும் அல்ல, நொடியும் அல்ல, தர எண். துணியின் மேல் தீயைக் காட்டி, உள்ளே தோலில் இரண்டாம் நிலைத் தீப்புண் உண்டாக எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுவார்கள். /1 சூட்டுக்கு 3 நொடி, /5க்கு 10, /15க்கு 30. /1க்கும் /5க்கும் விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் அந்த 7 நொடியை விட்டுவிடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி வெளியே வர அந்த நேரம்தான் கைகொடுக்கும்.  பட்டையில் உள்ள தேதியையும் பாருங்கள்.

எஃப்.ஐ.ஏ. சூட்டில் காலரின் பின்புறம் பாருங்கள். 8856-2018 என்று இருக்க வேண்டும். 8856-2000 என்பது பழைய விதி, உங்கள் போட்டியில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018 விதிப்படி, தீ பட்ட துணியின் உட்புறச் சூடு 24 டிகிரி கூடுவதற்கு குறைந்தது 12 நொடியாவது ஆக வேண்டும். 2018 விதிப்படியான சூட்டுகளுக்கு ஆயுள் 10 ஆண்டு. முடியும் ஆண்டு லேபிளிலேயே இருக்கும். கார்ட்டிங் (சிறிய திறந்த வண்டிப் பந்தயம்) சூட்டை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உராய்வைத் தாங்கத்தான், தீயைத் தாங்க அல்ல.

கேள்வி: ஸ்பான்சர் பெயரை உள்ளூர் டெய்லரிடம் எம்பிராய்டரி போடலாமா? (சென்னை வாசகர்)

வெளி அடுக்கில் மட்டும்தான் தைக்கலாம். நூலும் பேட்ஜின் பின்துணியும் தீப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும். சாதாரண டெய்லர் எல்லா அடுக்கையும் சேர்த்து பாலியஸ்டர் நூலால் தைத்துவிடுவார். அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தையல் அதை அமுக்கிவிடும், நூலும் உருகும். இதே காரணத்தால்தான் உடம்பைப் பிடிக்கிற சூட் ஆகாது. உட்கார்ந்து, கையை ஸ்டீயரிங் வரை நீட்டிப் பார்த்து அளவெடுங்கள்.

துவைக்க மென்மையான சோப்பு போதும். பிளீச் கூடாது. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் துணியில் படிந்து எளிதில் தீப்பிடிக்கும், அதையும் தவிருங்கள். நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், ஆயில் கறையோடு அணியவே கூடாது. சூட் தைக்கும் நோமெக்ஸ் என்ற தீத்தடுப்புத் துணி எரியாவிட்டாலும் கறை எரியும்.

கேள்வி: வெயிலுக்கு உள்ளே பாலியஸ்டர் டி-ஷர்ட் போதாதா? (மதுரை வாசகர்)

வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தோலில் படும் துணி, தீத்தடுப்புச் சான்று பெறாத செயற்கை இழையாக இருக்கக் கூடாது என்பது எஃப்.ஐ.ஏ. விதி. நீளக்கை, நீளக்கால் உள்ளாடை, பாலக்கிளாவா (ஹெல்மெட்டுக்குள் தலையையும் முகத்தையும் மூடும் துணி), சாக்ஸ், ஷூ, கையுறை எல்லாமே 8856 சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமென் குரோஷான் கார் விபத்தில் தீப்பிடித்தபோது ஏறத்தாழ அரை நிமிடம் தீக்குள் இருந்து வெளியே வந்தார். பலமான தீப்புண் கைகளில்தான். கையுறை வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள்.