கல்யாணப் புகைப்படக்காரராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? புதிதாக வருபவருக்கு என்ன சொல்வீர்கள்?

கேள்வி கேட்ட நண்பர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாராம். கையில் ஒரு கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் கல்யாணம் எடுக்கலாமா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். முகூர்த்தம் சனி, ஞாயிறு பார்த்து வருவதில்லை ஐயா. புதன்கிழமை காலை நாலரை மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டியிருக்கும், முந்தைய நாள் இரவு வரவேற்பு முடிந்து படுக்கும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். லென்ஸை விடுங்கள், அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்பு மிச்சமிருக்கிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். 2003இல் ஒரு ஸ்டூடியோவில் வீடியோவுக்கு லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். முதலாளி அண்ணன் அப்போதே 35 மி.மீ. கேமராவுக்கு மாறிவிட்டார். ஆனாலும் பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவை அலமாரியில் துடைத்து வைத்திருந்தார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். அதில் கல்யாணம் எடுத்துப் பழகியவருக்கு 36 படம் உள்ள ரோல் கொள்ளை ஆடம்பரம். இருந்தும் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோலுக்கு மேல் தொட மாட்டார். ஆறாவது ரோலைப் பிரித்தால் அன்று முழுக்க முகம் சுண்டியிருக்கும்.

அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கேமராவைப் பற்றி அல்ல. "மேடையேறியதும் ஐயருக்கு ஒரு வணக்கம் வை. தாலி கட்டும்போது பெண் எந்தப் பக்கம் உட்காருவாள், நாத்தனார் எங்கே நிற்பார் என்று கேட்டுக்கொள். அப்புறம் கேமராவைத் தொடு" என்பார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இதன் விரிவுரைதான். படம் நன்றாக வருவதும் வராததும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. எங்கே நிற்பது என்பதைச் சடங்கு தெரிந்தவரால்தான் முடிவு செய்ய முடியும்.

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் அதுவரை மணப்பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருப்பாள், பிறகுதான் இடப்பக்கம் மாறுவாள். சில வீடுகளில் அப்பா மடியில் அமர்ந்திருப்பாள். மாப்பிள்ளை கையை நீட்டும்போது அவருடைய முழங்கையே பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். முதல் முடிச்சுத்தான் அவருடையது என்று வழக்கமுள்ள வீட்டில், மற்ற இரண்டையும் போட நாத்தனார் பின்னால் குனிந்து நிற்பார். எனவே நேர் எதிரே நிற்காதீர்கள். அந்த இடம் எப்படியும் வீடியோக்காரருடையது. பெண்ணின் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து, மேடை விளிம்பில் முழங்காலிட்டு, அவள் குனிந்த முகத்தைக் கீழிருந்து பார்க்கிற கோணம் ஒன்று உண்டு. அங்கே பத்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் பெரிய மாமா கைப்பேசியோடு வருவார். நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் அவர் உங்கள் பின்னால் நிற்பார், இல்லையென்றால் நீங்கள் அவர் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

நேரத்தைக் கணிக்க ஒரு வழி சொல்கிறேன். தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க மண்டபத்துக்குள் கொண்டுபோவார்கள் அல்லவா, அந்தத் தட்டுதான் நம் கடிகாரம். கடைசி வரிசையிலிருந்து அது திரும்பத் தொடங்கினால் எழுந்து திரியக்கூடாது. மேடைக்குத் தட்டு வந்த பிறகு ஐயரைப் பார்ப்பதைவிடத் தவில்காரரைப் பாருங்கள். ஐயர் விரலை உயர்த்தும் முன்பே தவில்காரர் தோளை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவார். அவர் ஆயிரம் கல்யாணம் பார்த்தவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் கோட்டைவிட்ட கதை உண்டு. சுமார் பத்து வருடம் முன்பு ஓர் ஆவணி மாத முகூர்த்தம். அன்று ஐயருக்கு அடுத்த தெருவில் இன்னொரு கல்யாணம். தட்டு மூன்றாவது வரிசையில் இருக்கிறது, இன்னும் நாலு நிமிடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, பேட்டரி மாற்றத் தூண் பக்கம் ஒதுங்கினேன். "போதும், கொண்டு வாருங்கள்" என்று யாரோ தட்டைத் திருப்பிவிட்டார்கள். பேட்டரி மூடியைச் சாத்தும்போது கெட்டிமேளம் கேட்டது. ஓடிப்போய் எடுத்ததில் எனக்குக் கிடைத்தது நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சும், அட்சதை விழுந்த தரையும்தான். வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். பெரிதாக்கியதும் மாவு பூசினாற்போல் இருந்தது. பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் ஒரு நொடி நின்று, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெண் கூறைப்புடவை கட்டிக்கொண்டு வர உள்ளே போகிற நேரம்தான் எனக்குப் பேட்டரி மாற்ற, கார்டு மாற்ற, தண்ணீர் குடிக்க. பாதிச் சார்ஜ் இருந்தாலும் மாற்றிவிடுவேன். அவள் வெளியே வந்த பிறகு தாலி ஏறும்வரை எதையும் கழற்றுவதில்லை. தோளில் இரண்டாவது கேமரா தொங்கும்.

இனி நீங்கள் கேட்ட கருவி விஷயம். 50 மி.மீ. லென்ஸே போதும் என்று சொல்ல மாட்டேன், மேடையில் இடமிருக்காது. குரூப் போட்டோவுக்கு 24 மி.மீ. அளவில் அகலம் வேண்டும். 24-70 ஒன்றும், தூரத்து முகங்களுக்கு 85 ஒன்றும் இருந்தால் வண்டி ஓடும். ஆரம்பத்தில் வாடகைக்கு எடுங்கள், கடன் வாங்கி வாங்காதீர்கள். ஆடி, மார்கழியில் தவணை கட்ட வழியிருக்காது. புரட்டாசியிலும் பாதி வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மெமரி கார்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவாகப் பார்த்து, இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வையுங்கள். ஆல்பம் கைக்குப் போகும்வரை ஒரு கார்டை அழிக்கக்கூடாது.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டர் வேகத்தை 1/400, 1/800 நொடி என்று ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சத்தம் வராமலிருக்கக் கேமராவில் மின்னணு ஷட்டர் வைப்பவர்கள் இதில் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்வார்கள். மேடைக்குப் பின்னால் வைக்கிற எல்இடி திரைக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. ஆள் வருவதற்கு முன்னால் ஐந்தாறு வேகங்களில் வெற்று மேடையை எடுத்துப் பார்த்து, எது சுத்தமாக வருகிறதோ அதைக் குறித்துக்கொள்வேன்.

ஊதா விளக்கைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், இரண்டு வார்த்தை பேச வேண்டும். மாப்பிள்ளை முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். எந்தத் திருத்தத்திலும் அது தோல் நிறமாகாது. முன்பே அலங்காரக்காரரிடம் போய், "முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அந்த இரண்டு விளக்கை அணைத்துவிடுங்கள் அண்ணே" என்று கேட்டுவிடுவேன். நயமாகக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அணைத்துவிடுகிறார்கள். பிளாஷை மேலே திருப்பி அடிப்பதிலும் கவனம் வேண்டும். மேலே மஞ்சள் துணி கட்டியிருந்தால் எல்லாருக்கும் காமாலை வந்துவிடும். ஹோமப் புகைக்குள் நேராகப் பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திரைதான் மிஞ்சும், பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

அரக்குச் சிவப்புப் பட்டு இன்னொரு பொறி. கேமராத் திரையில் முகம் அழகாக இருக்கும், வீட்டில் வந்து பெரிதாக்கினால் புடவை ஒரே சிவப்புக் கட்டியாகக் கிடக்கும். மடிப்பு இருக்காது, புட்டா இருக்காது. சிவப்பு நிறம் மட்டும் அளவுக்கு மீறிப் பதிவாகிவிடுவதால் வருவது அது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, வெளிச்சப் பதிவை முக்கால் ஸ்டாப்வரை (ஸ்டாப் என்பது வெளிச்ச அளவின் ஒரு படி) குறைத்து, கேமரா திருத்தாமல் பதிகிற ரா கோப்பாக எடுங்கள். திருபுவனத்தில் தறிக்காரர் நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்த புடவை. பெண்ணின் அம்மா ஆல்பத்தில் முதலில் தேடப் போவதும் அந்த ஜரிகையைத்தான்.

"கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். பருவை எடுப்பேன், நிறத்தை மாற்ற மாட்டேன். இதனால் இரண்டு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். போகட்டும்.

ஆட்களைக் கையாள்வதற்கு எந்த வகுப்பும் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அறிந்த ஓர் அத்தை இருப்பார். முந்தைய நாளே அவரைக் கண்டுபிடித்து, குரூப் போட்டோவுக்கு ஆள் சேர்க்கிற பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒருமுறை நானாகவே "சித்தப்பா, பெரியப்பா பக்கத்தில் வாருங்கள்" என்று கூப்பிட்டு, எட்டு வருடமாக நிலத் தகராறில் முகம் பார்க்காத இருவரை ஒட்ட நிறுத்திவிட்டேன். படத்தில் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் முகத்தில் லைட் அடித்து எடுக்கிற பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். வாய் நிறையச் சோற்றோடு இருக்கிற படத்தை எவரும் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்ததில்லை. பரிமாறி முடித்த இலையை எடுங்கள், அது போதும்.

பணம். நான் பாதியை முன்பணமாக வாங்குகிறேன், பெரும்பகுதி மிச்சத்தை வரவேற்பன்று மாலை. ஆல்பம் கொடுக்கும்போது வரவேண்டியது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. மூவாயிரம் படத்திலிருந்து இருநூறைத் தேர்ந்தெடுத்துத் தர வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஜோடி வளைகாப்புக்குக் கூப்பிட வந்தபோதுதான் கல்யாண ஆல்பப் பட்டியலைக் கொடுத்தார்கள்.

இதையும் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்: படத்தை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடலாமா என்று. எடுத்தவன் நான், எனவே படம் என்னுடையது என்று பல புகைப்படக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தத் தாளில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் நாற்பது வயதிலேயே பேசத் தொடங்கிவிடும். என் வீட்டுக் கல்யாணங்களும் முகூர்த்த நாளில்தான் வருகின்றன. மைத்துனன் கல்யாணத்தன்று நான் சுவாமிமலையில் வேறு யாருடைய மைத்துனனுக்கோ படமெடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் இருந்தால், வேலையை விடுவதற்கு முன்னால், தை மாதத்தில் இரண்டு முகூர்த்தத்துக்கு என்னோடு வந்து லைட் பிடியுங்கள். கேமரா கொண்டுவர வேண்டாம். காலை டிபனை முதல் பந்தியிலேயே முடித்துவிட வேண்டும், அப்புறம் இரண்டு மணிவரை எதுவும் கிடைக்காது. செருப்பு மட்டும் சட்டென்று கழற்றக்கூடியதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். போன தடவை வந்த பையன் மேடைப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.