அசென்ஷன் தீவின் ஒற்றை ஓடுதளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அட்லாண்டிக் தீவுகளின் விமானத்தளங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் அசென்ஷனின் வைட்அவேக் தளத்தை ஒரே பத்தியில் தாண்டிப் போய்விட்டீர்கள். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் அங்கிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான வல்கன் 21 குண்டுகளை வீசியது. ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லியின் ஓடுதளத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று. அதற்குத் துணையாக, பறந்தபடியே எரிபொருள் கொடுக்கும் பதினோரு டாங்கர் விமானங்கள்! குறிதவறிய வெற்று ஆடம்பரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு எதற்கு இத்தனை டாங்கர்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குண்டுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஸ்டான்லி ஓடுதளத்தின் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர். அதன் நீளவாக்கில் பறந்து குண்டு போட்டால், பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் இருபத்தொன்றும் வெளியே விழுந்துவிடும். அதனால் சுமார் 35 பாகைச் சாய்வில், குறுக்காகப் பறந்தார்கள். குண்டுகள் ஏறத்தாழ கால் நொடிக்கு ஒன்றாகக் கழன்றன. விமானத்தின் வேகத்துக்கு அது நாற்பது மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி. அந்தச் சாய்வில் ஓடுதளத்தைக் கடக்கும் தூரமோ எண்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பாருங்கள், ஒன்று விழும், மிஞ்சினால் இரண்டு. ஒன்று விழுந்தது. மீதி இருபதும் அந்த ஒன்றை உறுதிசெய்யப் போட்டவை.

பள்ளத்தை நிரவிவிட்டு அர்ஜென்டினாவின் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் போர் முடியும்வரை அங்கே வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. ஆகவே ராணுவப் பயன் பற்றிய உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. குறிதவறியது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

இனி டாங்கர். அசென்ஷனிலிருந்து ஸ்டான்லி சுமார் 6,300 கிலோமீட்டர். 1,000 பவுண்டு குண்டுகள் 21 சுமந்த வல்கனுக்கு, தொட்டி நிறைய ஊற்றினாலும் போவதற்கே போதாது. பாதி வழியில் ஒரு விக்டர் டாங்கர் எரிபொருள் கொடுக்கலாம். ஆனால் அந்த விக்டரும் பறந்து எரித்துத்தான் அங்கே வந்திருக்கிறது, திரும்பிப் போகவும் வேண்டும். ஆக, டாங்கருக்கு ஒரு டாங்கர், அதற்கும் ஒரு டாங்கர். போகும் வழியில் வல்கனுக்கு ஏழு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எரிபொருள் ஏற்றினார்கள். கணக்கைக் கெடுத்தது இன்னொன்று: வல்கனுக்கும் விக்டருக்கும் ஒத்துவரும் உயரமும் வேகமும் வேறு வேறு. சேர்ந்து பறக்க இருவரும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். வல்கனோ அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் குடித்தது.

ஏப்ரல் 30 இரவில் நடந்தவற்றைப் பாருங்கள். முதன்மை வல்கனான எக்ஸ்எம்598-இல் விமானி அறைச் சன்னலின் ரப்பர் அடைப்பு சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே காற்றழுத்தம் நிற்காததால் திரும்ப நேர்ந்தது. மாற்றாகப் பறந்துகொண்டிருந்த, விமானி மார்ட்டின் விதர்ஸின் எக்ஸ்எம்607 அந்த இடத்துக்கு வந்தது. ஒரு விக்டரில் குழாய் சரியாக இயங்கவில்லை, அதுவும் திரும்பியது. தெற்கே போன பின், புயல்மேகக் கொந்தளிப்பில் எரிபொருள் வாங்கிக்கொண்டிருந்த விக்டரின் மூக்குக்குழல் (எரிபொருளை உள்வாங்கும் குழல்) முறிந்தது. கொடுத்துக்கொண்டிருந்த விக்டரின் விமானி பாப் டக்ஸ்ஃபோர்டு தானே கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைசி டாங்கராகத் தொடர்ந்தார். வல்கனுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினால் தீவை எட்டாமலே கடலில் இறங்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். குண்டு விழுந்தது என்ற ‘சூப்பர்ஃப்யூஸ்’ சங்கேதம் வரும்வரை வானொலியில் உதவி கேட்கவும் முடியாது. வந்த பிறகு கேட்டார்; ஒரு டாங்கர் எதிர்கொண்டு வந்து காப்பாற்றியது.

இருந்தாலும் அந்த இரவின் பேராபத்து வைட்அவேக்கிலேயே இருந்தது என்பது என் எண்ணம். அங்கே இருப்பது ஒரே ஓடுதளம், சுமார் 3,000 மீட்டர். இணையாக ஓடும் பக்கப்பாதை கிடையாது. இறங்கிய விமானம் கடைசிவரை ஓடி, திரும்பி, அதே ஓடுதளத்தில் பின்னோக்கி வந்துதான் நிறுத்துமிடத்துக்குள் நுழைய முடியும். முதல் கட்டத்தில் எரிபொருள் கொடுத்துவிட்டுத் திரும்பிய நான்கு விக்டர்களிடமும் எரிபொருள் மிகக் குறைவு. ஒருவர் திரும்பி வரும்வரை அடுத்தவர் வானில் வட்டமிட நேரமில்லை. ஆகவே முதலாவது இறங்கிக் கோடியிலேயே நின்றுகொண்டது, அடுத்தது அதன் அருகே, அப்புறம் மூன்றாவது. நான்காவது, நின்றுகொண்டிருக்கும் மூன்றையும் நேரே பார்த்தபடி இறங்கியது. பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் நான்கும் ஒரே தீ. வல்கன் திரும்பி வரும் வழியில் சந்திக்க டாங்கரும் மிஞ்சியிருக்காது.

இந்த ஓடுதளம் 1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் எரிமலைக் கற்களுக்கிடையே 91 நாட்களில் போட்டது. பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும் விமானங்களுக்கான இடைத்தங்கல். அது முடியும் முன்பே ஒரு பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் வந்திறங்கியது; அமெரிக்கக் காவலர்கள் அதைச் சுட்டார்கள் என்பது வேறு கதை. ஓடுதளத்தின் ஒரு முனையில் ஆலாப் பறவைகளின் மாபெரும் குடியிருப்பு. கிளம்பும் விமானங்களின் மேல் மோதின. புகை போட்டார்கள், வெடி வைத்தார்கள், பலிக்கவில்லை. பறவையியலாளர் ஜேம்ஸ் சாப்பின் சொன்னபடி முட்டைகளை உடைத்த பிறகே அவை இடம்பெயர்ந்தன.

கட்டுரைகளில் விடுபட்டுப்போகும் இன்னொன்று எரிபொருள் வரும் வழி. தீவில் துறைமுகம் இல்லை. எண்ணெய்க் கப்பல் ஜார்ஜ்டவுன் எதிரே நங்கூரமிட்டு நிற்கும். மிதக்கும் குழாய் வழியாகக் கரைத் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து ஓடுதளத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1982-இல் லாரிகளை மட்டும் நம்பி முடியாமல் பொறியாளர்கள் நிலத்தின் மேல் குழாய் போட்டார்கள். எரிமலைத் தூசு வேறு, தேய்ப்புத்தாள் மாதிரி இயந்திரங்களை அரித்தது.

2017-இல் அதே ஓடுதளம் பள்ளம் விழுந்து பெரிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஃபாக்லாந்துக்கான பிரிட்டிஷ் விமானச் சேவை கேப் வெர்டி வழியாகத் திருப்பிவிடப்பட்டது. பழுதுபார்ப்பு முடிந்து மீண்டும் திறக்க 2023 ஆகிவிட்டது. மாற்று ஓடுதளம் அங்கே இன்றும் இல்லை.